ஏழு புள்ளி எட்டு

சோமனூர் தறிக்குடோனிலிருந்து
நாலு பேர் வந்திருக்கிறார்கள்.
சட்டை மடிப்பில் இன்னும் பஞ்சு.
காலை ஷிப்டை விட்டுவிட்டு
ஆளுக்கொரு யூனிட் ரத்தம் கொடுத்து,
தந்த பிஸ்கட்டைப் பிரிக்காமல்
லிப்ட் பக்கத்திலேயே நிற்கிறார்கள்.
"ஏனுங் டாக்டரு,
பொங்கியண்ணனுக்குக் கொறை வெக்காதீங்.
பத்தலீன்னா இன்னும் ஆளு வருதுங்."
இவர்களில் இருவர் அவருடைய குரூப்பே இல்லை.
அதை நான் சொல்லவில்லை.

உள்ளே
பதினொன்று இருபதுக்கு,
கட்டியை இரைப்பையோடு பிரித்தெடுக்கையில்
மண்ணீரல் ஓரம் ஒரு நாளம் கிழிந்தது.
என் கைதான்.
விரலை வைத்து அழுத்திக்கொண்டு நிற்கிறேன்.

சக்ஷன் பாட்டிலில் ஐந்நூற்று ஐம்பது.
நனைந்த துணிகளைத் தராசில் வைத்து
செலின் சிஸ்டர் கூட்டிச் சொல்கிறார்:
"இன்னொரு இருநூறு சார்."
என் செருப்பில் சிந்தியதை
யாரும் எடை போடவில்லை.

தலைமாட்டில் ஷமீம்.
மயக்கம் கொடுப்பவள், தான் மயங்காதவள்.
"ஏழு புள்ளி எட்டு. தொங்க விடட்டுமா?"

ஏழுக்குக் கீழே போனால் ஏற்று,
இதயத்தில் பழுதென்றால் எட்டு,
என்று மாணவர்களுக்குப் பலகையில்
எழுதிப்போடுகிறவனே நான்தான்.
இவருக்கு மூன்று வருடம் முன்பு ஒரு ஸ்டென்ட்.
பலகையில்
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே
ஒரு சாக்பீஸ் அகலம்தான் இடம்.

அடுத்தவர் ரத்தம்
உடம்பின் காவலைக் கொஞ்சம் கண்ணயர வைக்குமாம்.
அந்த அசதியில்
நான் பார்க்காமல் விட்ட ஏதோ ஒரு செல்
எழுந்து நடக்குமாம்.
அப்படியில்லை,
நோய் முற்றியவருக்குத்தான் ரத்தம் கூடுதலாய் வேண்டியிருக்கிறது,
பழி பையின் மேல் விழுகிறது என்றும் சொல்கிறார்கள்.
இரண்டையும் படித்திருக்கிறேன்.
இரண்டும் இப்போது
என் கையுறைக்குள் வியர்க்கின்றன.

பெட்டிக்குள் பை.
அரை மணிக்குள் திருப்பாவிட்டால்
ரத்த வங்கியில் வாங்க மாட்டார்கள்.
பதினெட்டு நிமிடம் ஆயிற்று.

"நாடி?"
"தொண்ணூத்தாறு."
"பிரஷர்?"
"நிக்குது."
"யூரின்?"
"வருது. கொஞ்சமா."
"ஈசிஜி?"
"அப்படியே இருக்கு."

விரலை எடுத்தேன்.
பத்து வரை எண்ணினேன்.
காய்ந்திருந்தது.
பிறகும் ஒரு பத்து.

"திருப்பி அனுப்பிடுங்க."

ஷமீம் ஒன்றும் சொல்லவில்லை.
அவள் சொல்லாதது
தையல் முடியும்வரை எனக்குக் கேட்டது.
பெட்டி லிப்டில் இறங்குவதை
அந்த நால்வரும் பார்த்தார்களாம்.

இரவு ஒன்றே முக்காலுக்கு போன்.
அவினாசி ரோட்டில் லாரிகூட இல்லை,
சிக்னல்கள் யாருக்காகவோ சிவந்துகொண்டிருந்தன.
மறுபடி அதே எண்.
ஏழு புள்ளி எட்டு.
துளியும் இறங்கவில்லை.
ஆனால் பொங்கியண்ணன்
நர்ஸின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு
"நெஞ்சு மேல பாவு உருளையத் தூக்கி வெச்சாப்பல
இருக்குதுங்" என்கிறார்.
காலையில் நேராய் ஓடிய கோடு
சரிந்திருக்கிறது.

ஒரு யூனிட் என்றேன். ஒன்றே ஒன்று.
பகலில் கேட்ட கேள்விகளில் ஒன்றுகூட
அப்போது என்னோடு மாடியேறி வரவில்லை.
ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.
முதல் பதினைந்து நிமிடம் மெதுவாக.
யாரென்று தெரியாத ஒருவன்
குழாய் வழியே
அவருக்குள் இறங்கிக்கொண்டிருந்தான்.

நாலரைக்கு,
"உருளைய எறக்கிட்டாங்" என்று தூங்கிப்போனார்.

பகலிலேயே கொடுத்திருந்தால்?
ஐந்து வருடம் கழித்து ஒரு ஸ்கேன்
ஏதாவது சொல்லும்.
எதனால் என்று சொல்லாது.

காலையில் லிப்ட் பக்கம் அதே நால்வர்.
"ஒண்ணுதானுங்களா ஏத்துனீங்?
நாங்க நாலு பேரு குடுத்தமுங்களே."
மீதி வேறு யாருக்காவது ஆகும் என்றேன்.
தலையை ஆட்டினார்கள்,
மனசு ஆட்டவில்லை.

அவர்களில் இளையவன்
முழங்கை மடிப்பில் பஞ்சை வைத்து
கையை மடக்கியபடியே நின்றான்.

நீட்டிக்கலாம் தம்பி என்றேன்.
நேற்றே நின்றிருக்கும்.